சுரைக்காயை யாருக்கு உடைத்தாய்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பானுப்ரியா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எழுந்து பின்சீட்டுக்குப் போனாள். அங்கேயும் இருப்புக்கொள்ளாமல் மறுபடி முன்னால் வந்தாள்.

"இன்னா பாப்பா, சீட்டு புடிக்கலயா? பஸ்ஸ வேணா திருப்பி நிறுத்தச் சொல்லட்டா?" என்றார் கண்டக்டர்.

அவள் டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டினாள். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, பள்ளி யூனிஃபார்மிலேயே வந்திருந்தாள். காதில் இயர்போனைச் செருகி, விடியற்காலையில் வந்த அண்ணனின் குரலை மீண்டும் ஓடவிட்டாள். ரஞ்சித் யாரோ தூங்குகிற அறையிலிருந்து பேசுகிறவன் போலக் கிசுகிசுத்தான்.

"பானு, அம்மாகிட்ட சொல்லிடாத. எங்கள உட மாட்டேங்கிறாங்க. அடிக்கல கிடிக்கல, சோறுலாம் குடுக்கிறாங்க. ஆனா வண்டி நகரக்கூடாதுன்னு முன்னாடி மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க. இன்னிக்கு ஊரு கூடுது. அந்த மண்ணுக்காரரு ஒரே ஒரு கேள்விதான் கேக்கிறாரு. சுரைக்காய யாருக்கு ஒடச்சன்னு. யாருக்குடி ஒடைக்கிறோம்? எனக்குத் தெரியலயே. நீ யாரையாவது கேட்டு சொல்லு. ஜல்தி சொல்லு."

ரஞ்சித் போர்வெல் வண்டியில் ஹெல்பர். வண்டியைக் கப்பலில் ஏற்றி கானாவுக்கு அனுப்பிவிட்டு, ஆட்களை விமானத்தில் அனுப்பியிருந்தது விழுப்புரத்துக் கம்பெனி. கடலோரத்திலிருந்து ஒரு நாள் முழுக்க வடக்கே போனால் பொல்கடாங்கா என்று ஒரு டவுன். அதற்கும் வடக்கே, பாறைக் குன்றுகளுக்கு நடுவில் ஒரு ஊர். மண் நம் செஞ்சிப் பக்கம் போலவே சிவப்பு, வெயிலும் அப்படியேதான் என்று அவன் முதலில் அனுப்பிய வீடியோவில் சொல்லியிருந்தான்.

அவன் வேலை முடித்துப் படுக்கும்போது இங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும். போர்வைக்குள் இயர்போனைப் போட்டுக்கொண்டு பானு அந்த ஊர்க் கதையெல்லாம் கேட்பாள். அவனுக்கு அங்கே அயினே என்று ஒரு சிநேகிதன். கம்பெனிக்கு மொழிபெயர்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவான். அவன் சித்தப்பா மசூதிக்குப் போவார். அப்பாவோ வீட்டு முற்றத்தில் மண்ணைக் கூம்பாகக் குவித்து, அதில் முன்னோர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார். மூன்று பேரும் ஒரே சட்டியில் சாப்பிடுவார்கள்.

"இங்க ஊருக்கு ரெண்டு பெரியவங்கடி," என்று ஒரு ராத்திரி சொன்னான். "ஒருத்தரு நாட்டாமை. அவரு பாட்டன் முப்பாட்டன்லாம் குதிரையில வந்தவங்களாம். ஜனங்க மேல அவருக்கு அதிகாரம். ஆனா மண்ணு மேல கிடையாது. மண்ணு, அதுக்கு முன்னாடியே இருந்தவங்களோடது. அந்த வம்சத்துல ஒருத்தரு இருக்காரு, திண்டானான்னு பேரு. நம்ம திண்டிவனம் மாதிரியே இல்ல? மண்ணுக்குச் சொந்தக்காரருன்னு அர்த்தமாம். விக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஆனா அவரக் கேக்காம ஒரு குழி தோண்டக்கூடாது. பொணத்துக்குக் கூட."

அப்போது அவள் சிரித்தாள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். மண்ணுக்கு ஒரு ஆள், அவனிடம் கேட்டுவிட்டுத் தோண்ட வேண்டும் என்பது கதை மாதிரி இருந்தது.

அந்த ஊரில் முதல் இரண்டு போரும் தண்ணீர் வராமல் வெறும் புழுதிப் புகையாக முடிந்தன. மூன்றாவது இடத்தை நாட்டாமை காட்டினார். வண்டியின் டிரில்லர் சீனுவாசன் அண்ணன் விழுப்புரத்துக்காரர், இருபது வருஷ அனுபவம். முதல் இரண்டிலும் எலுமிச்சம்பழத்தோடு விட்டது போதவில்லை என்று, மிஷினை இறக்குமுன் பெரிதாகத் திருஷ்டி கழிக்கச் சொன்னார். வெள்ளைப் பூசணி அங்கே கிடைக்காது. சந்தையில் ஒரு பெரிய சுரைக்காய் வாங்கினார்கள். அதில் ஓட்டை போட்டு, அம்மா கொடுத்தனுப்பிய குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றினார்கள். மேலே கற்பூரம் ஏற்றி மூன்று சுற்று சுற்றி, ரஞ்சித் அதைத் தரையில் போட்டு உடைத்தான். சிவப்புத் தண்ணீர் தெறித்து மண்ணில் ஓடியது.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜனம் அப்படியே பின்வாங்கியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். அந்த மண்ணில் ரத்தம் சிந்தினால் அதைக் கழுவுகிறவரை ஊரில் விதைப்பு கிடையாது. மண்ணுக்கு ஒன்றைக் கொடுப்பதென்றால் திண்டானா ஒருவர்தான் கொடுக்கலாம். எங்கிருந்தோ வந்த ஒரு பையன், அவரைக் கும்பிடக்கூடச் செய்யாமல், ரத்த நிறத்தில் எதையோ யாருக்கோ கொடுத்துவிட்டான்.

சீனுவாசன் பயந்துபோய், "பெயிண்டு, பெயிண்டு" என்று சொல்லிவிட்டார். பெயிண்டுக்கு எதற்குக் கற்பூரம் என்று திண்டானா கேட்டாராம்.

பஸ் புறப்பட்டது.

*

காலையிலிருந்து பானு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

முதலில் அம்மா பூமாலையிடம் கேட்டாள். அவள் கூலிக்குக் கடலை பிடுங்க, மல்லாட்டைக் கொல்லைக்குக் கிளம்பித் தலையில் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பூசணிக்கா யாருக்குமா ஒடைக்கிறோம்?"

"இன்னாடி கேள்வி இது காலங்காத்தால. ஒடைக்கணும், ஒடைக்கிறோம். உங்கப்பன் அன்னிக்கி ஒடைக்காம எறங்கனாரு. இன்னா ஆச்சுன்னு பாத்த இல்ல?"

அதற்கு மேல் அம்மாவிடம் கேட்க முடியாது. மயிலம் பக்கம் ஒருவருடைய கிணற்றை ஆழப்படுத்தப் போன அப்பாவின்மேல் பக்கவாட்டு மண் சரிந்தது. பானுவுக்கு அப்போது ஒன்பது வயது. எடுத்துக்கொண்டு வந்தபோது காதுக்குள்ளும் மண் இருந்தது. அதற்குப் பிறகு அம்மா சைக்கிளுக்குக் காற்றடித்தால்கூட எலுமிச்சம்பழம் வைப்பாள். அண்ணனை ஏர்போர்ட்டுக்கு அனுப்பும்போது, "ஒடைக்காம மிஷின தொட்டன்னு தெரிஞ்சுது, நான் செத்தேன்னு வச்சிக்கோ" என்று சத்தியம் வாங்கினாள்.

அடுத்து, பஸ் ஸ்டாண்டு எதிரே பூசணிக்காய் விற்கிறவரிடம் கேட்டாள்.

"யாருக்கா? பின்னாடி பைக்ல வர்றவன் வழுக்கி வுழறதுக்கு" என்றார் அவர். அவள் முகத்தைப் பார்த்து, "தெரியலமா. அம்மாவாசைக்கு நாப்பது காய் போவுது. எவனும் உன்ன மாதிரி கேட்டதில்ல" என்றார்.

பஸ்ஸில் போனைத் துழாவினாள். ஒருவர் பூதத்துக்கு என்றார், ஒருவர் அசுரனுக்கு என்றார், ஒருவர் ஆட்டுக்குப் பதில் பூசணி என்றார். ஆட்டுக்குப் பதில் என்றால் அது பலியேதான். அண்ணன் வாயில் அந்த வார்த்தை வந்துவிடக்கூடாது. கானா பற்றித் தேடினால் அதில் எழுதியிருந்ததும் பயத்தைத்தான் கூட்டியது. அந்தப் பக்கத்து ஜனங்களைப் பிடித்து விற்க ஒரு காலத்தில் குதிரைப் படைகள் வந்தன. அவர்கள் பாறைக் குன்றுகளில் ஏறி, குகைகளில் ஒளிந்து பிழைத்தார்கள். துப்பாக்கியோடு யார் வந்தாலும் இன்றைக்கும் குன்றைத்தான் பார்ப்பார்கள் என்று அண்ணனும் சொல்லியிருந்தான். 'போலீஸ் மட்டும் வரக்கூடாது பானு. வந்துச்சுன்னா இவங்க மலை ஏறிடுவாங்க. அப்புறம் யாரு எங்க கூட உக்காந்து பேசுவாங்க? கம்பெனில போலீஸ்னு குதிக்கிறாங்களாம். அத மட்டும் நீ எப்படியாவது நிறுத்து' என்று இன்னொரு துண்டுக் குரல் வந்திருந்தது. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

*

விழுப்புரத்தில் கம்பெனி ஆபீஸ் ஒரு பைப் கடைக்கு மேலே இருந்தது. மேனேஜர் விருத்தாசலம் மூன்று போன்களை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார்.

"ரஞ்சித் தங்கச்சியா? உக்காரும்மா. யார்கிட்டயும் சொல்லலயே? டிவிகாரனுக்குத் தெரிஞ்சா நம்ம கத கந்தல்."

"போலீசுக்கு சொல்லாதீங்க சார். அண்ணன் வாணாங்கிறான்."

"அவன் சின்னப் பையன்மா. பயத்துல பேசறான். ஆப்பிரிக்கான்னாலே இந்தப் பேஜாருதான். மந்திரம், மாயம், மண்ணு சாமி. இந்தக் காலத்துல போயி ஒரு காய ஒடச்சதுக்கு நாலு பேர உக்கார வச்சிருக்கான்."

அவர் தலைக்கு மேலே, வாசல் நிலையில், எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கியது. பக்கத்தில் கோரைப்பல்லும் பிதுங்கிய கண்ணும் வரைந்த பூசணிக்காய் ஒன்று. பானு அதையே பார்த்தாள்.

"சார், இது யாருக்குக் கட்டியிருக்கீங்க?"

"எது?" திரும்பிப் பார்த்தார். "அதுவா, திருஷ்டிக்குமா."

"திருஷ்டின்னா யாரு சார்?"

"யாருன்னா... ஆளு இல்லம்மா. கண்ணு. ஊருக்கண்ணு."

"அப்ப ஊருக்குக் குடுக்கிறோமா?"

விருத்தாசலம் ஒரு போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். பக்கத்து மேஜைப் பெண் கம்ப்யூட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பாப்பா, நீ பிளஸ் டூவா? நல்லா வருவ. இப்ப கேளு. அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள உட்டாங்கன்னா சரி. இல்லன்னா அங்க இருக்கிற போலீசுக்கு நான் சொல்லித்தான் ஆகணும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்கம்மா என் சட்டையத்தானே புடிப்பாங்க?"

அதுவும் நியாயம்தான். பானு உட்கார்ந்த இடத்தில் முழங்காலை ஆட்டிக்கொண்டே யோசித்தாள். அவர்களுக்கு மண்தான் பெரிது. அப்படியானால் மண்ணுக்கே கொடுத்தோம் என்று சொன்னால் என்ன? வேறு சாமியை அங்கே கொண்டுவந்து இறக்கியதாகவும் ஆகாது, அவர்கள் மனமும் குளிரும். படித்ததெல்லாம் கூடி அந்த யோசனையில் வந்து நின்றது போலிருந்தது. வாய்விட்டுச் சொன்னாள்.

"அடடா," என்றார் விருத்தாசலம். "இதான்மா வேணும். அவன் சாமிக்கே போட்டோம்னு சொல்லிட்டா அவன் எங்க திருப்பிக் கேப்பான்? அனுப்பு, அனுப்பு."

அனுப்பினாள். 'உங்க மண்ணுக்குத்தான் குடுத்தோம்னு சொல்லுண்ணா. மரியாதையா சொல்லு.' இரண்டு நீல டிக் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

ஆபீஸில் இருக்க முடியவில்லை. அம்மா கொல்லையிலிருந்து திரும்புமுன் வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு இறங்கி, திண்டிவனம் வண்டி பிடித்தாள்.

*

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வால்நீட்டி நின்றபோது போன் துடித்தது. வீடியோ கால். பஸ்ஸுக்குள் சினிமாப் பாட்டு காதைக் கிழித்தது. அவள் யோசிக்காமல் இறங்கிவிட்டாள். டிரைவர் பின்னாலிருந்து ஏதோ கத்தினார்.

லாரிகள் ஓய்வெடுக்கும் ஓரமாக, ஒரு பரோட்டாக் கடையின் தகரத்துக்குப் பின்னால் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் முதலில் செம்மண். பிறகு அண்ணன் முகம், உதடு வெடித்து, தாடி வளர்ந்து.

"சொல்லிட்டேன் பானு. நீ சொன்ன மாதிரியே சொல்லிட்டேன். அயினே அவங்க பாஷையில சொன்னான். இப்ப கோழி அறுக்கப் போறாரு. கோழி மல்லாக்க வுழுந்தா மண்ணு ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம். குப்புற வுழுந்தா இல்ல."

போன் திரும்பியது. தடித்த ஒரு மரம், நாலு பேர் கைகோத்தாலும் சுற்ற முடியாதது. அதன் அடியில் கற்கள். ஆட்டுத்தோலைத் தோளில் போர்த்திய ஒல்லியான மனிதர் ஒருவர், தரையில் குந்தி, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிறவர் மாதிரிதான் மண்ணிடம் பேசினார். ஒரு சாம்பல் நிறக் கோழியைக் கழுத்தில் கீறி வீசினார். அது துள்ளியது, இறக்கையால் மண்ணை அடித்தது, சுற்றியது.

குப்புற விழுந்து அடங்கியது.

பெரியவர்கள் குனிந்து கோழியைப் பார்த்தார்கள். இங்கே ஒரு லாரி ஏர்பிரேக்கை விட்டது. பானு தகரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

திண்டானா எழுந்து ரஞ்சித்தைப் பார்த்து ஏதோ கேட்டார். அயினே ஆங்கிலத்தில் சொன்னான். ரஞ்சித் அதைத் தமிழில் சொன்னான்.

"இது யாரு குடுத்த பேச்சுன்னு கேக்கிறாருடி. இது என் வாயோடது இல்லியாம்."

"என்னான்னு சொன்ன?"

"தங்கச்சின்னு சொல்லிட்டேன்."

போன் கைமாறியது. தோல் போர்த்த மனிதரின் முகம் திரை முழுக்க வந்தது. கோபம் இல்லை. கண்ணைச் சுருக்கி, அவள் பின்னால் போகிற லாரிகளைக்கூடப் பார்த்தார். பிறகு கேட்டார். அயினேயின் ஆங்கிலம் பொறுமையாக வந்தது. உன் அண்ணன் உடைத்ததை யாருக்குக் கொடுத்தான், நீ சொல் என்றான்.

அவளுடைய பிளஸ் டூ ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை எழவில்லை. தமிழில்தான் வந்தது.

"தெரியாதுங்க. யாருக்கும் இல்லீங்க. நான் தான் பொய் சொல்லச் சொன்னேன், அவன் இல்ல. உங்க மண்ணுக்குக் குடுக்கல. எங்களுக்கு மண்ணுன்னா பயம். எங்க அப்பா கிணறு வெட்டுறவரு. மண்ணு மூடிடுச்சு. அன்னிக்கு ஒடைக்கல, அதனாலதான்னு எங்கம்மா சொல்லும். அதான் ஒடைக்கிறோம். எடுத்துக்காத, எடுத்துக்காதன்னு ஒடைக்கிறோம். அவ்ளோதாங்க. வேற ஒண்ணும் தெரியாது."

ரஞ்சித் அதைத் தன் ஓட்டை ஆங்கிலத்தில் அயினேயிடம் சொன்னான். பாதியில் நின்றான், மூக்கை உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தான். அயினே அதை அவர்கள் பாஷையில் சொன்னான். ஒரு பேச்சு மூன்று வாய் மாறிப் போவதை இங்கிருந்து பார்த்துக்கொண்டு நிற்பதைப் போன்ற ஒரு வேதனை அவளுக்கு வேறு இருந்ததில்லை. எந்த வாயில் எது உதிர்ந்துவிடுமோ.

திண்டானா மறுபடி கேட்டார்.

"உங்க அப்பா தோண்டுன மண்ணு யாருதுன்னு கேக்கிறாரு" என்றான் ரஞ்சித்.

"வேற ஒருத்தர்து. எங்களுக்கு நெலம் இல்லன்னு சொல்லு."

"தோண்டறதுக்கு முன்னாடி யாரு மண்ணுகிட்ட சொன்னதுன்னு கேக்கிறாரு."

"யாரும் சொல்லலண்ணா. காலைல ஏழு மணிக்கு எறங்கச் சொன்னாங்க. எறங்கிட்டாரு."

அங்கே பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஒருவர் தலையை ஆட்டி மறுத்தார். இன்னொருவர், வெள்ளைத் தொப்பி போட்டவர், அயினேயின் சித்தப்பாவாக இருக்கலாம், கையை நீட்டி நீட்டி எதையோ சொன்னார். நேரம் போனது. பானுவின் போனில் சார்ஜ் சிவப்பு காட்டியது. நடந்தாள், நின்றாள், சிக்னல் இருந்த இடத்துக்கே திரும்பி வந்தாள். பரோட்டா மாஸ்டர் எட்டிப் பார்த்து, "இன்னாமா, லவ்வா? வெயில்ல நிக்காத, உள்ள வா" என்றார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

ரஞ்சித் திரும்பி வந்தான். குரலில் குழப்பம்.

"அப்பா பேரு இன்னான்னு கேக்கிறாரு பானு. மண்ணு எடுத்துக்கிட்ட மனுசன விட்டுட்டுப் பேசுனா சரியா வராதாம். அவரையும் கூப்பிட்டுத்தான் பேசணுமாம். நான் சொல்லட்டா?"

"சொல்லுண்ணா."

திண்டானா திரும்பவும் மரத்தடியில் குந்தினார். இந்த முறை வெள்ளைக் கோழி. தணிந்த குரல் நீளமாகப் போயிற்று. ஒன்றும் புரியவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் புரிந்தது.

"தென்னராசு."

இன்னும் ஒரு தடவை சொன்னார். அப்பா செத்த நாளிலிருந்து வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட அம்மா கார்டை நீட்டுவாளே தவிர வாயால் சொல்ல மாட்டாள். பானு ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோழி பறந்தது. மண்ணைக் கீறியது, புரண்டது, எழுவது போல் எழுந்தது. குப்புறத்தான் போகிறது என்று அவள் கண்ணை மூடப்போன நேரத்தில் ஒரு உதறு உதறி மல்லாந்தது. இரண்டு காலும் வானத்தைப் பார்த்து விறைத்தன.

அங்கிருந்து ஒரு பெருமூச்சு, நூறு பேர் சேர்ந்து விட்டது போல. பின்னால் எங்கோ ஒரு பெண் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள்.

*

"ஒடச்ச எடத்த நான்தான் சுத்தம் பண்ணணுமாம்," என்றான் ரஞ்சித், கொஞ்ச நேரம் கழித்து. "வெறுங்கையால. செவந்த மண்ணெல்லாம் அள்ளி அவருகிட்ட குடுக்கணும். அங்க தண்ணி எடுக்கக்கூடாது. வேற எடம் அவரே காட்டுவாராம், அவரே பேசுவாராம். மரத்த இப்பவே எடுக்கிறாங்க."

"போலீசு வாணாம்னு ஆபீசுக்குச் சொல்லிடு. அஞ்சு மணிக்குள்ள."

"சீனு அண்ணன் பேசிக்கினு இருக்காரு." அவன் குரலைத் தணித்தான். "பானு, ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. அவரு சந்தையில இன்னொரு சுரைக்கா வாங்கி சீட்டுக்கு அடியில வச்சிருக்காரு. புது எடத்துக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவர மொதல்ல வாயத் தொறந்து அந்தப் பெரியவரக் கேக்கச் சொல்லு."

"நீயே சொல்லு. என் பேச்சு அவருக்கு ஏறாது."

"ண்ணா. நீ பத்திரமா..." போன் அணைந்துபோனது.

பரோட்டாக் கடையில் சார்ஜர் வாங்கிச் செருகினாள். உயிர் வந்ததும் முதலில் வந்தது அம்மாவின் அழைப்பு. எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டே எடுத்துவிட்டாள்.

"எங்கடி இருக்க? கிளாஸ் முடிஞ்சு எத்தினி நேரம் ஆவுது. பக்கத்து வீட்டுப் பொண்ணு கிளாசே இல்லங்குது."

"விக்கிரவாண்டி டோல்கேட்டுல இருக்கேம்மா."

"அங்க இன்னாடி பண்ற?"

பானு ரோட்டைப் பார்த்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அண்ணனிலிருந்தா, சுரைக்காயிலிருந்தா, கோழியிலிருந்தா.

"அம்மா, ஒருத்தரு அப்பா பேர சொன்னாரும்மா. ரெண்டு தடவ."

மறுமுனையில் அம்மா எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. 

"யாரு?" என்றாள் பூமாலை, வேறு குரலில்.

"வந்து சொல்றேன். வீட்டுக்கு வந்து எல்லாம் சொல்றேன். அண்ணன் நல்லா இருக்கான்."

திண்டிவனம் வண்டி ஒன்று டோல்கேட்டைத் தாண்டி வந்து வேகம் குறைத்தது. கையை ஆட்டி நிறுத்தி ஏறினாள். பாதி வண்டி காலியாகக் கிடந்தது. கண்டக்டர் இடத்தைக் காட்டினார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற கொல்லைகளையும் அவற்றின் நடுவே ஆங்காங்கே வாய் திறந்து கிடந்த கிணறுகளையும் பார்த்தபடி, ஊர் வரும்வரை நின்றுகொண்டே போனாள்.